கடல் விலகிய ஊர்கள்: கொற்கையும் சோபாராவும்

சென்ற ஆண்டு மழைக்காலம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாதுங்காவில் நம் அன்பர்கள் சிலர் கூடியிருந்தோம். அலுவல் நிமித்தமாகத் துருக்கி நாடு சென்று திரும்பிய இளைஞர் ஒருவர், ஈஜியன் கடற்கரையில் தாம் எடுத்த படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். விவிலியம் படித்தோர் எபேசு என்று அறிந்த பழம்பெரும் நகரின் படங்கள் அவை. ஏறத்தாழ இருபத்தையாயிரம் பேர் அமரத்தக்க கல் அரங்கையும், ஈரடுக்குத் தூண்களோடு நிற்கும் நூலகத்தின் முகப்பையும், அரங்கிலிருந்து நேரே நீளும் சலவைக்கல் பாவிய அகன்ற வீதியையும் கண்டு குழந்தைகள் வாய் பிளந்து நின்றனர்.

கூட்டத்தில் தாராவியிலிருந்து தம் பேத்தியோடு வந்திருந்த முதியவர் ஒருவர் இருந்தார். தாமிரபரணிக் கரையில் ஏரல் பக்கத்து ஊரில் பிறந்து, பதினேழாம் வயதில் தோல் பதனிடும் தொழிலுக்காக இந்நகர் வந்தவர். நாம் எல்லோரும் அண்ணாச்சி என்றே அவரை அழைப்பது வழக்கம். அதுகாறும் பேசாதிருந்த அவர், “தம்பி, இது துறைமுகப் பட்டணம் என்கிறீர்களே, துறைமுகம் எங்கே?” என்று கேட்டார்.

இளைஞர் நகைத்து, இறுதிப் படத்தைக் காட்டினார். அந்தச் சலவைக்கல் வீதி நாணல் மண்டிய சதுப்பு நிலத்தில் சென்று முடிந்திருந்தது. ஒரு காலத்தில் கப்பல்கள் வந்து நின்ற இடம் அதுவே என்றும், கடல் இன்று ஐந்தாறு கிலோமீட்டர் அப்பால் இருக்கிறது என்றும் அவர் கூறினார். அண்ணாச்சி சற்று நேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, “எங்கள் கொற்கையும் இதுதான்” என்றார்.

அந்த ஒரு சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஆறு செய்த வேலை

எபேசு நகரைக் கடலினின்றும் பிரித்தது பகைவர் படையன்று, ஆறு. கேஸ்டர் என்று பண்டைக் கிரேக்கர் அழைத்த ஆறு ஆண்டுதோறும் மலைநாட்டு வண்டலைச் சுமந்து வந்து துறைமுகத்தில் கொட்டியது. அரசர்கள் தூர் வாரிப் பார்த்தனர். ஆற்றை அணைத்துத் திருப்பவும் முயன்றனர். வண்டல் நிற்கவில்லை. அதற்குத் தெற்கேயுள்ள மிலேத்து நகரின் கதையும் அதுவே. மியாண்டர் ஆறு கொணர்ந்த மண்ணால் அங்கிருந்த வளைகுடாவே தூர்ந்து வயலாயிற்று. மிலேத்துவுக்கு எதிரே கடலில் இருந்த லாதே என்னும் தீவு, இன்று வயல்களின் நடுவே ஒரு குன்றாக நிற்கிறது.

நகரம் மாய்ந்தபோதும் கடல் வாணிகம் மாயவில்லை என்பதை இங்கே கருதல் வேண்டும். அது பக்கத்துக் கரைக்கு மாறியது. மக்களும் உடன் சென்றனர். எபேசுவின் துறை தூர்ந்தபின் அவ்வட்டாரத்துக் கப்பல்கள் நாடிய ஊர்களுள் ஒன்றான குஷாதாசி இன்று எழிலார்ந்த கடலோரப் பட்டணமாக விளங்குகிறது. எபேசுவைக் காண வருவோர் பலர் அங்கேதான் கப்பலிலிருந்து இறங்குகின்றனர்.

இனி நம் கொற்கைக்கு வருவோம். பாண்டியரின் முத்துத் துறையாக அகநானூற்றிலும் மதுரைக்காஞ்சியிலும் புகழப்பெறும் அவ்வூர், இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வாழைத் தோட்டங்களுக்கும் நெல் வயல்களுக்கும் இடையே ஒரு சிற்றூராக இருக்கிறது. பொருநை கொணர்ந்த வண்டல் மன்னார் வளைகுடாவைத் தள்ளிக்கொண்டே போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே அகழ்ந்து பார்த்து, பழைய கொற்கை இதுவே என்று எடுத்துரைத்தவர் இடையன்குடிக் கால்டுவெல் ஐயர். 1968-69ஆம் ஆண்டுகளில் தமிழக அரசின் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தனர். அப்போது கிடைத்த கரித்துண்டு ஒன்றைக் கதிரியக்க முறையில் ஆய்ந்தபோது, அதன் காலம் கி.மு. 785 அளவினது என்று கணிக்கப்பெற்றது. ஊரில் அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் என்றொரு கோயில் உண்டு. அக்கசாலை என்பது நாணயம் அடிக்கும் சாலை. காசு அடித்த பட்டணத்தின் நினைவு ஒரு கோயிலின் பெயரில் எஞ்சி நிற்கிறது.

கொற்கை தூர்ந்தபோது வாணிகம் காயலுக்கு இறங்கியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயில் என்னும் பெருந்துறை இன்றைய பழையகாயலே என்பது கால்டுவெல்லின் முடிவு. அதனையும் மணல் மூடவே, தூத்துக்குடி தலையெடுத்தது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளை கப்பல் தேடி நாடி வந்த நகரம் நம் பம்பாய்தான் என்பதை இவ்விடத்தில் நினைவு கூர்வது தகும். ஓர் ஆற்றின் வாயில் இவ்வாறு மூன்று துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. துறை பெயர்ந்தபோதெல்லாம் மக்களும் மூட்டை முடிச்சோடு பெயர்ந்தனர்.

விரார் வண்டியில் ஒரு பயணம்

அன்றைய கூட்டம் கலையும்போது ஒருவர், “கொற்கைக்குப் போக மே மாதம் வரவேண்டும். இங்கேயே அப்படி ஓர் ஊர் இல்லையா?” என்று கேட்டார். உண்டு என்றோம். அடுத்த மாதமே ஒரு ஞாயிறு காலை, எட்டுக் குடும்பத்தார் கட்டுச்சோற்றோடு தாதர் நிலையத்தில் கூடி விரார் வண்டி ஏறினோம். புளியோதரை மணம் பெட்டி முழுவதும் பரவியதால், போரிவலி தாண்டுமுன்பே குழந்தைகளுக்குப் பசி எடுத்துவிட்டது.

நாலாசோபாரா என்றால் நம்மில் பலருக்கும் நெரிசலான ரயில் நிலையமும், அடுக்குமாடிக் குடியிருப்புகளும்தான் நினைவுக்கு வரும். வாடகை குறைவு என்று அங்கே குடிபோன உறவினர் சிலருக்கேனும் இருப்பர். அந்தப் பெயரின் பின்பாதியாகிய சோபாராதான் பண்டை நூல்கள் சூர்ப்பாரகம் என்று போற்றும் துறைமுகம். மகாபாரதம் அதைப் புண்ணியத் தலமாகக் கூறும். பௌத்தக் கதைகள் வணிகர்தம் பட்டணமாகக் கூறும்.

நிலையத்தின் மேற்கே ஊருக்குள் செங்கல்லாலாகிய பழைய தூபி ஒன்றன் சிதைவு இருக்கிறது. 1882ஆம் ஆண்டு பகவான்லால் இந்திராஜி என்னும் பேரறிஞர் அம்மேட்டை அகழ்ந்தார். நடுவே ஒரு கற்பேழை. அதனுள் செம்பு, வெள்ளி, கல், பளிங்கு, பொன் என ஒன்றினுள் ஒன்றாகப் பேழைகள். எல்லாவற்றிற்கும் உள்ளே இருந்த பொற்பேழையில் பொன்மலர்களோடு சில மண் ஓட்டுத் துண்டுகள் இருந்தன. புத்தர் பெருமானின் பிட்சைப் பாத்திரத்துத் துண்டுகள் என்று நம்பி, அக்கால மக்கள் அவற்றைப் பொன்னினும் மேலாக வைத்துக் காத்திருக்கின்றனர்.

அதே ஆண்டில் அவ்வூரில் அசோகரின் கல்வெட்டுத் துண்டு ஒன்றும் அகப்பட்டது. அவருடைய எட்டாம் பாறைக் கட்டளையின் பகுதி அது. முன்னாளைய மன்னர்கள் வேட்டைக்கும் கேளிக்கைக்கும் யாத்திரை போயினர், தாம் அதை விடுத்து, பெரியோரைக் காணவும் தானம் வழங்கவும் நாட்டுப்புற மக்களோடு அளவளாவவும் யாத்திரை போவதாக அசோகர் அதில் அறிவிக்கிறார். 1956-இல் அருகிலுள்ள புயிகாவ் என்னும் ஊரில் ஒன்பதாம் கட்டளையின் துண்டும் கிடைத்தது. இரண்டையும் கோட்டைப் பகுதியிலுள்ள சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். இக்கட்டளைத் தொகுதியின் இரண்டாம் பகுதி சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறிப்பதாகும். சோபாராவில் அப்பகுதி நமக்குக் கிட்டவில்லையாயினும், நம் மூவேந்தர் நாட்டைப் பற்றிய செய்தி இக்கரைக்குப் புதிதன்று என்பது விளங்கும்.

தூபியின் அருகே நின்று இவற்றையெல்லாம் நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சியின் பேத்தி நாற்புறமும் நோக்கிவிட்டு, “தாத்தா, கடல் எங்கே?” என்றாள்.

“இங்கேதான் இருந்தது, அம்மா. மண் வந்து மூடிவிட்டது.”

“அப்போது இங்கே இருந்தவர்கள் எல்லாம்?”

“கடல் எங்கே போயிற்றோ, அங்கே போனார்கள்” என்றார் அவர்.

சோபாராவின் வரலாறு அவ்வாறே சென்றது. பத்தாம் நூற்றாண்டளவிலும் அராபிய எழுத்தாளர்கள் அதனைச் சுபாரா என்று குறித்தனர். பின்னர்க் கழி தூர்ந்தது. தாணாவும் வசாயியும் மேலோங்கின. பிற்பகலில் நாம் வசாயிக் கோட்டையைக் கண்டோம். 1534-இல் குஜராத்துச் சுல்தான் பகதூர் ஷாவிடமிருந்து போர்ச்சுகீசியர் பெற்ற இடம் அது. இரு நூறு ஆண்டுகள் அவர்களின் வடபகுதித் தலைநகராய் இருந்து, 1739-இல் சிமாஜி அப்பா தலைமையில் வந்த மராத்தியப் படையிடம் வீழ்ந்தது. கூரையிழந்த தேவாலயங்களின் சுவர்களில் ஆலும் அரசும் வேரோடியுள்ளன. கடல்வாயிலுக்கு வெளியே மீனவர் வலை உலர்த்துகின்றனர். ஆண்டவர் மூவரும் அகன்றனர். வலை வீசியவர் மட்டும் அகலவில்லை.

வசாயியைக் கொடுத்த அதே 1534ஆம் ஆண்டு உடன்படிக்கையில்தான் மும்பைத் தீவுகளும் கைமாறின. 1661-இல் அவை போர்ச்சுகீசிய இளவரசியின் சீதனமாக இங்கிலாந்து மன்னருக்குப் போயின. 1668-இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு விடப்பட்டன. சோபாராவிலிருந்து புறப்பட்ட கடல் வாணிகம் ஒருவாறு நாம் வாழும் இந்நகரை வந்தடைந்தது.

ஒரே ஏட்டில் இரு கரைகள்

கொற்கைக்கும் சோபாராவுக்கும் உள்ள ஒப்புமை வண்டலோடு முடியவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்திலிருந்து கடலோடிய கிரேக்க வணிகர் ஒருவர் தம் தொழிலினர்க்கு வழிகாட்டியாக ஓர் ஏடு எழுதினார். செங்கடற் செலவு என்று நாம் அதைத் தமிழில் கூறலாம். அதில் அவர் நம் மேலைக் கரையோரமாக இறங்கி வரும்போது சுப்பாரா, கல்லியேனா, செமில்லா என மூன்று துறைகளைச் சொல்கிறார். அவை சோபாரா, கல்யாண், செவுல் ஆகியவை. செமில்லா என்பது நம் செம்பூரே என்று கருதியோரும் முன்பு உண்டு; செம்பூர் அன்பர்கள் மகிழ இதைச் சொல்லி வைக்கிறோம். ஆயினும் அலிபாக் அருகேயுள்ள செவுல் என்பதே இன்று பெரும்பான்மையோர் கருத்து.

அதே வணிகர் இன்னும் தெற்கே சென்று முசிறியைச் சொல்லி, குமரியைச் சொல்லி, அப்பால் கொல்கி என்னும் முத்துக்குளிக்கும் இடத்தைச் சொல்கிறார். அது பாண்டியர் ஆட்சிக்குட்பட்டது என்றும், தண்டனை பெற்ற குற்றவாளிகளே அங்கு முத்தெடுக்க ஏவப்பட்டனர் என்றும் எழுதுகிறார். கொல்கி நம் கொற்கை. கீழைக் கரையில் அவர் குறிக்கும் கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே புதுவையை அடுத்த அரிக்கமேடு என்றும் அறிஞர் கொள்வர். அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தொடங்கிய அகழ்வு முதலாகப் பல முறை தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மது சாடிகள் உடைந்த ஓடுகளாய் வெளிப்பட்டன. அவற்றுள் காஸ் தீவின் சாடி வகையும் உண்டு. காஸ் தீவு, மிலேத்துவுக்குத் தெற்கே அந்த ஈஜியன் கடலிலேயே இருக்கிறது. இளைஞர் காட்டிய படத்துக் கடலுக்கும் நம் கரைக்கும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே போக்குவரத்து இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, நம் முன்னோர் பிறந்த கரையும், நம் பிள்ளைகள் பிறந்த கரையும் ஒரே ஏட்டில், ஒரே வழியில் இரு நிலையங்களாக எழுதப்பட்டுள்ளன. போரிவலிக்கு அப்பால் உள்ள கன்ஹேரிக் குகைகளுக்குச் செல்வோர் இதன் பயனை நேரில் காணலாம். நூற்றுக்கு மேற்பட்ட அக்குகைகளிலுள்ள கல்வெட்டுகளில், சோபாராவிலிருந்தும் கல்யாணிலிருந்தும் செவுலிலிருந்தும் வந்து பொருளுதவி செய்தோரின் பெயர்கள் உள்ளன. வணிகர் மட்டுமல்லர், பொற்கொல்லரும் இரும்புக் கொல்லரும் அவர்களுள் உளர். உழைத்து ஈட்டிய காசில் ஒரு பங்கைப் பொதுவுக்குக் கொடுத்துத் தம் ஊர்ப்பெயரையும் பொறித்து வைத்தார்கள். சங்கக் கட்டடத்துக்கு நாம் நன்கொடை தந்து, பெயருக்குப் பின் ஊரையும் எழுதச் சொல்வது இன்று நேற்று வந்த வழக்கமன்று.

காலா கிலா

நிற்க. சிதைவுகளைக் காண சோபாரா வரை செல்ல நேரமில்லாதவர்கள் தாராவியை விட்டு வெளியே வரவும் வேண்டா. பேருந்து நிலையத்துக்குப் பெயர் தந்த காலா கிலா அங்கேயே இருக்கிறது. மித்தி ஆற்றங்கரையைக் காவல் காக்கக் கம்பெனியார் கட்டிய சிறு கோட்டை அது. கவர்னர் ஜான் ஹார்ன் ஆணையால் 1737-இல் கட்டப்பட்டது என்னும் கல் அதன் சுவரில் பதிக்கப்பட்டிருந்தது. கோட்டை எழுந்த நாளில் அதன் அடியில் நீரோட்டம் இருந்தது. அக்கரையில் வேற்றாட்சி இருந்தது. தாராவி அப்போது கோலி மீனவர் வாழ்ந்த கழிமுகச் சிற்றூர்.

பின்பு பாலங்களும் கரைகளும் எழுந்தன. கழி மெல்ல மெல்லத் தூர்ந்தது. நகரத்துக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கப்பட்டது. மீன்பிடிப்பு நலிந்தது. அந்தச் சேற்று நிலத்துக்குத்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் சாலைகள் வந்தன. அவற்றை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர் வந்தனர். வண்டல் மூடிய துறையின் பக்கத்தில் பிறந்தவர்கள், வண்டல் மேடாகிய நிலத்தில் வந்து குடில் கட்டினார்கள். பலகை போட்டு நடந்ததையும், முழங்காலளவு சேற்றில் நின்று மண் நிரப்பியதையும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த நிலத்தைக் கடலிடமிருந்து வாங்கிய விலை அவர்களுடைய உழைப்பாகும்.

வசாயியிலிருந்து திரும்பும் வண்டியில் அண்ணாச்சி நம்மிடம் ஒன்று சொன்னார். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024ஆம் ஆண்டு தொடங்கிய கணக்கெடுப்பில் அவர் வீட்டுக்கும் ஓர் எண் கிடைத்திருக்கிறது. “என்ன கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. காகிதங்களையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அது இருக்கட்டும். இந்தப் பிள்ளை நாளைக்குத் தன் ஊர் எது என்று கேட்டால், நான் எதைச் சொல்ல? நான் பிறந்த ஊரை இவள் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். இவள் பிறந்த தெரு இருக்குமோ இராதோ” என்றார்.

அதற்கு நம்மிடம் உடனே விடையில்லை. மடியில் தலை வைத்துப் பேத்தி உறங்கிக்கொண்டிருந்தாள். அவள் கைக்குள் சோபாராவில் பொறுக்கிய ஒரு சிறு ஓட்டுத் துண்டு இருந்தது. அது பண்டை ஓடா, நேற்று உடைந்த சட்டியா என்று யாரும் அறியோம். காப்பிலுள்ள இடங்களில் ஒரு செங்கல்லையும் எடுத்தல் ஆகாது என்று நாம் முன்பே எச்சரித்திருந்தோம். அவளோ நிலையத்துக்குத் திரும்பும் வழியில், தெருவோரத்தில்தான் எடுத்ததாகச் சாதித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தபின் எண்ணிப் பார்த்தோம். ஊர் என்பது ஒரே இடத்தில் நிலைத்து நிற்பது என்று நாம் கொண்ட எண்ணமே பிழை போலும். கொற்கையார் காயலுக்குப் போனபோதும், காயலார் தூத்துக்குடிக்குப் போனபோதும், சோபாராவார் வசாயிக்கும் தாணாவுக்கும் போனபோதும் இதே கேள்வியைக் கேட்டிருப்பர். அவர்களில் எவரும் ஊரற்றவர் ஆகிவிடவில்லை. ஊரைச் சொல்லவும் எழுதி வைக்கவும் ஆள் இருந்தவரை அவர்களுக்கு ஊர் இருந்தது. எவரும் எழுதி வையாத ஊர்களே உண்மையில் மறைந்தன.

ஆகையால் நம் குடும்பத்தார்க்கு இரு வேண்டுகோள். வரும் கோடை விடுமுறையில் நெல்லை ரயில் ஏறுவோர், திருச்செந்தூர் தரிசனம் முடித்துத் திரும்பும்போது அரை நாள் ஒதுக்கி, கொற்கையையும் பழையகாயலையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தஞ்சைப் பக்கத்தார் பூம்புகார் சென்று, கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையைப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள். மழைக்குமுன் ஒரு ஞாயிறு சோபாராவையும் வசாயியையும் காட்டுங்கள்.

இரண்டாவது, அவரவர் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எவருடன் இந்நகர் வந்தது, முதலில் எந்தச் சந்தில் தங்கியது என்பதைப் பெரியோரிடம் கேட்டு ஒரு தாளிலேனும் எழுதி வையுங்கள். பேழை பொன்னாயிருக்க வேண்டுமென்பதில்லை; அண்ணாச்சியின் தகரப் பெட்டியே போதும். வீட்டுக் காகிதங்களோடு அந்தத் தாளையும் அதில் வையுங்கள்.

சென்ற வாரம் அண்ணாச்சி சங்கத்துக்கு வந்திருந்தார். பேத்தி எழுத, அவர் சொல்ல, நான்கு பக்கம் முடிந்திருக்கிறதாம். முதல் வரியில் கொற்கை இருக்கிறது என்றும், கடைசி வரி இன்னும் எழுதவில்லை என்றும் சொன்னார்.